டிபென்ஸ் அண்ணாவும் மீன்தலைப் பருப்பும்

பெண்டாட்டியோடு குடித்தனம் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தாயாதிகளோடு வழக்காடுவதையே குடித்தனமாகச் செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையோடு ஆயுள் முழுக்கக் குடித்தனம் செய்தவர், எனக்குத் தெரிந்து, இந்தப் பூலோகத்தில் ஒரே ஒருவர்தான். அந்த வார்த்தை டிபென்ஸ். நாளடைவில் அவர் பெயரும் அதுவே ஆகிவிட்டது. அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இல்லாமலா இருந்திருக்கும்? அது தபால்காரனுக்குத் தெரியும். எங்களுக்கு அவர் டிபென்ஸ் அண்ணா.

கல்கத்தாவிலிருந்து தலைநகரம் டில்லிக்கு மூட்டை கட்டாத காலம் அது. சர்க்கார் ஆபீஸ்களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகளிலும் மதராஸ் குமாஸ்தாவுக்கு நல்ல கிராக்கி. கணக்கு வரும், கையெழுத்து நன்றாயிருக்கும், எதிர்த்துப் பேச மாட்டான். பவானிபூரில் டிராம் பாதைக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் மெஸ் இருந்தது. தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து வந்த பிரம்மசாரிகளும், பெண்டாட்டியை ஊரில் விட்டுவிட்டு வந்த அரைப் பிரம்மசாரிகளும் அதில் வாசம். டிபென்ஸ் அண்ணா இந்த இரண்டிலும் சேராதவர். மனைவி காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. நாற்பது வயசு, ஒட்டடைக் குச்சி மாதிரி உடம்பு, அதன் உச்சியில் ஒரு தலைப்பாகை.

அவருக்கு ஒரு ஸொலிஸிடர் கம்பெனியில் வேலை. பிரதிவாதிகள் கோர்ட்டில் கொடுக்கும் பதில்களை முத்து முத்தான கையெழுத்தில் நகல் எடுப்பார். வாதி பக்கத்துக் காகிதம் வந்தால் பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிடுவார். "நமக்கு அடிக்கிற வேலை வேண்டாம், தடுக்கிற வேலை போதும்" என்பது அவருடைய கட்சி. ஆபீஸ் துரைகூட இதற்குப் பழகிவிட்டாராம்.

ஆபீஸ் அலமாரியில் ஒரு பெரிய அகராதி இருந்தது. மத்தியானம் எல்லோரும் பலகாரம் சாப்பிடும்போது இவர் அந்த அகராதியைச் சாப்பிடுவார். அதிலிருந்து எடுத்து வந்ததைச் சாயங்காலம் எங்கள் தலையில் இறக்குவார்.

"லத்தீன்லே 'ஃபெண்டோ'ன்னா அடிக்கறது. அது தனியா வராது, யாரையாவது கையைப் பிடிச்சுண்டுதான் வரும். மேலே போய் முட்டினா ஆஃபென்ஸ். வர்ற அடியை அந்தண்டை தள்ளினா டிபென்ஸ். ரெண்டும் ஒரே வயத்துப் பிள்ளைகள்டா! ஒருத்தன் ரௌடி, இன்னொருத்தன் சாது."

"அப்புறம் எப்படி அண்ணா இங்கிலீஷுக்கு வந்துது?"

"பிரெஞ்சுக்காரன் ஆத்து வழியா. நடுவழியிலே தலையை இழந்த குழந்தையும் ஒண்ணு உண்டு. தோட்டத்துக்குப் போடற ஃபென்ஸ் இருக்கே, அந்த வேலி, அது டிபென்ஸோட தலையை வெட்டின மிச்சம்தான்."

இங்கிலீஷ்காரன் அந்தச் சொல்லின் கடைசியில் 'ஸி' போடுகிறான், அமெரிக்காக்காரன் 'எஸ்' போடுகிறான் என்பது அவருக்குச் சின்ன மனக்குறை. லத்தீன் தகப்பனாருக்கு எஸ்தான் சம்மதம் என்பார். ஆனாலும் இரண்டு பேரையும் மன்னித்துவிட்டார். யாரையும் மன்னிக்காமல் இருக்க அவருக்குத் தெரியாது.

நாங்களும் சும்மா இருப்போமா? தமிழில் அதற்கு என்ன வார்த்தை என்று சீண்டுவோம். 'எதிர்வாதம்' என்றால், "அது சண்டைக்காரன் பாஷை" என்பார். 'காப்பு' என்றால், "குழந்தை கையிலே போடறது" என்பார். 'அரண்' ராஜாக்களுக்கு மட்டும்தான் கட்டுப்படியாகுமாம். 'வக்காலத்து' துருக்கர் பாஷையிலிருந்து வந்த விருந்தாளியாம். ஒரு நாள் நான், "பரிந்து பேசுவது என்று வைத்துக்கொள்ளலாமே" என்றேன். அதற்கு மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தார். "பரிவு இருக்கு. ஆனா பரிவு இல்லாத இடத்திலேயும் டிபென்ஸ் இருக்கணுமேடா. பிடிக்காதவனுக்கும் அது உண்டே" என்று சொல்லிவிட்டு உலாத்தப் போய்விட்டார்.

கோடைக்குப் பிறகு மைதானத்தில் கால்பந்து ஆட்டம் ஆரம்பித்துவிடும். வெறுங்காலோடு வங்காளிப் பையன்கள், பூட்ஸோடு வெள்ளைக்காரச் சிப்பாய்கள். ஊரே திரண்டு போய்க் கத்தும். டிபென்ஸ் அண்ணாவும் போவார். ஆனால் பந்து போகிற பக்கம் பார்க்க மாட்டார். கோலுக்கு முன்னால் நிற்கிற தடுப்பாட்டக்காரர்கள் இரண்டு பேர் மேல்தான் கண். பந்து மறுகோடியில் இருக்கும்போதும் அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"யார் ஜெயிச்சா அண்ணா?"

"அது தெரியாது. இந்தண்டை நின்ன பையன் பிரமாதம். என்ன நிதானம்!"

சந்தர்நகருக்கு அவரை அழைத்துக்கொண்டு போனது எங்கள் தப்பு. நதி வழியாக ஸ்டீமரில் போனோம். படித்துறையில் கப்பல் வந்து ஒட்டும்போது இடிபடாமலிருக்க, பக்கவாட்டில் கயிற்றுப் பந்துகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். "ஃபெண்டர்! இதுவும் நம்ம வம்சம்தான்!" என்று கையைக் காட்டிக் கத்தினார். பக்கத்திலிருந்த வங்காளிக் கிழவர், படித்துறையில் எங்கள் சொந்தக்காரர் யாரோ வந்து நிற்கிறார் என்று நினைத்து, கும்பிட்டு வழிவிட்டார்.

அது பிரெஞ்சுக்காரர் ஊர். கரையேறிக் கொஞ்ச தூரம் போனதும் ஒரு நீண்ட வெள்ளைச் சுவர் வந்தது. அதில் பெரிய பெரிய எழுத்தில் பிரெஞ்சில் ஏதோ எழுதியிருந்தது. முதல் வார்த்தை சாட்சாத் டிபென்ஸ்! கூட எஸ்ஸும் இருந்தது. டிபென்ஸ் அண்ணா நடுத்தெருவில் நின்றுவிட்டார். குலதெய்வத்தின் கோபுரத்தைக் கண்டவர் போல இரண்டு கையையும் கூப்பியே விட்டார். "சுவர்லே எழுதி வெச்சிருக்கான்டா, சுவர்லே! நாகரிகம்னா இதுதான்டா!"

வழியில் போன ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் அர்த்தம் கேட்டோம். 'இந்தச் சுவரில் விளம்பரம் ஒட்டக் கூடாது' என்றார் அவர். பிரெஞ்சில் அந்த வார்த்தைக்குத் தடை என்றும் ஓர் அர்த்தம் உண்டாம்.

அண்ணாவின் முகம் தொங்கிப்போயிற்று. திரும்பி வரும்போது ஸ்டீமரில் அந்தக் கயிற்றுப் பந்துகள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வாரம் முழுக்க மோர்சாதத்தோடு எழுந்துவிட்டார். ரசத்தின் மேல் பிராணனையே வைத்திருந்த மனிதர் ரசத்தை வேண்டாம் என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். கடைசியில் ஒரு நாள் காலை, பல் குச்சியும் கையுமாக வந்து எங்களை எழுப்பினார்.

"சரிதான்டா. சுவர் தனக்காகப் பேச முடியாதோன்னோ? அதுக்குப் பதிலா யாரோ ஒருத்தன் 'ஒட்டாதே'ன்னு சொல்றான். அதுவும் டிபென்ஸ்தான்."

அன்று மத்தியானம் இரண்டு தரம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இனி எங்கள் மெஸ் கோர்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து, வெற்றிலை பாக்கோடு கூடத்தில் உட்காருவோம். மெஸ்ஸின் காரியதரிசி அந்த வாரத்துக் குற்றங்களை எடுத்துச் சொல்வார். அவரும் டிபென்ஸ் வயசுக்காரர்தான். கண்டிப்பானவர். சோம்பலோ சூதோ கிடையாது. கிணற்றடியில் சோப்புத் துண்டு கிடந்தாலும் அதற்குரிய பாவியைக் கண்டுபிடித்துவிடுவார். அவர் குற்றத்தைச் சொல்லி முடித்ததும் டிபென்ஸ் அண்ணா எழுந்து நிற்பார். யார் கூப்பிட்டார்கள், யார் வக்கீலாக வைத்தார்கள் என்று கேட்கப்படாது. அது வழக்கமாகிவிட்டது.

பாலைக் குடித்த பூனைக்காக ஒரு முறை வாதாடினார். மூடியைத் திறந்து வைத்தவரை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்க, அந்த மனிதர் கடைசியில் பூனையிடம் மன்னிப்புக் கேட்காத குறை. மூட்டைப்பூச்சிகளுக்காக வாதாடினார். "இந்த ஆத்துக்கு யார் முந்தி வந்தது? அதுகள் பூர்வீகக் குடி. நாம வாடகைக்கு வந்தவா" என்றார். வெந்நீர் ஊற்றுவது என்ற தீர்மானம் அன்றைக்கு ஒத்திவைக்கப்பட்டு, நாங்கள் விடிய விடியச் சொறிந்துகொண்டிருந்தோம்.

அவர் காதுபட நம்மை நாமே திட்டிக்கொள்ளவும் முடியாது. ஆபீஸில் ஒரு கூட்டலைத் தப்பாகப் போட்டுவிட்டு வந்து, "நான் ஒரு மடையன்" என்று தலையில் அடித்துக்கொண்டேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"யார் சொன்னது?"

"நான்தான் அண்ணா சொல்றேன்."

"உனக்கும் அவனுக்கும் பகை இருக்கு. உன் சாட்சி செல்லாது."

இதையெல்லாம் நாங்கள் பெரிய தமாஷாகத்தான் நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். சேஷு விஷயம் வரும் வரையில்.

சேஷு என் அறைக்காரன். வலங்கைமானிலிருந்து வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. வெள்ளை மனசு. அதில் விழுந்தது அப்படியே வாய் வழியாக வெளியே வந்துவிடும். தை மாசம் மன்னார்குடியில் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த நாள் முதல் தூக்கத்தில்கூடச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் வீட்டுக்கு மூன்றாவது வீடு எங்கள் காரியதரிசியின் வீடு. கிறிஸ்துமஸ் லீவில் அவர் ஊருக்குப் போவதாக இருந்தது.

கார்த்திகை மாசத்தில் சேஷுவின் ஆபீஸ் சிநேகிதர் ஹரன் பாபு வீட்டில் தங்கை கல்யாணம். பெஹாலாவில் வீடு. அப்போதெல்லாம் பெஹாலா என்றால் குளமும் வாழைத்தோப்பும்தான். சேஷு மீன் சாப்பிட மாட்டான் என்பது ஹரன் பாபுவுக்குத் தெரியும். தனியாக இலை போட்டு, மீன் துண்டம் ஒன்றுகூட அந்தப் பக்கம் போகாமல் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாராம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மெஸ்ஸில் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். சேஷு பெஹாலா விருந்தின் புகழைப் பாட ஆரம்பித்தான்.

"என்ன சொல்லுங்கோ, பருப்பு பண்றதிலே வங்காளியை அடிச்சுக்க ஆள் இல்லே. பாசிப்பருப்பை வறுத்து என்னமோ பண்ணியிருந்தா பாருங்கோ, அமிர்தம்! ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிண்டேன்."

"அப்படி என்ன போட்டிருந்தான்?" என்று காரியதரிசி கேட்டார். அவர் கல்கத்தாவில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

"தெரியலை. நடுநடுவே தேங்காய்ச் சில்லு மாதிரி ஒண்ணு கடிபட்டுது."

காரியதரிசியின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. பிறகு மெதுவாக எழுந்து கிணற்றடிக்குப் போனார். வங்காளிக் கல்யாணத்தில் பாசிப்பருப்பு என்றால் அதில் மீன்தலையை உடைத்துப் போட்டுக் கொதிக்க வைத்திருப்பார்கள் என்பது எங்களில் பழைய ஆசாமிகளுக்குத் தெரியும். ஹரன் பாபு மீனைத்தான் தடுத்தார். பருப்பைத் தடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. பருப்பு பருப்புதானே! நம்மவனுக்கும் அதே நினைப்பு. பருப்புக்குள் மீன் ஒளிந்திருக்கும் என்று வலங்கைமானில் யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

விஷயத்தைச் சொன்னதும் சேஷு கிணற்றடிக்கு ஓடி வாந்தியெடுத்தான்.

அரைமணி நேரத்தில் கூடத்தில் கோர்ட் கூடிவிட்டது. அன்று யாரும் வெற்றிலை போடவில்லை.

"இதிலே தமாஷ் கிடையாது" என்று காரியதரிசி ஆரம்பித்தார். "மாமிசம் சாப்பிட்டவனுக்கு இந்த மெஸ்ஸிலே இடமில்லேங்கறது நாம எல்லாருமா வெச்ச விதி. இவன் இங்கே இருந்தான்னா சமையல்கார சாமா மாமா அடுத்த ரயிலிலே ஊருக்குப் போயிடுவார். அது ஒண்ணு. இன்னொண்ணு, பொண்ணாத்துக்காரா எனக்குத் தெரிஞ்சவா. நாளைக்கு என்னைப் பார்த்து, 'தெரிஞ்சும் சொல்லாம இருந்தியே'ன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது? லீவுக்குப் போறப்போ சொல்லத்தான் சொல்லுவேன்."

அவர் கெட்டவர் இல்லை. சொன்னால் சொன்னபடி செய்கிறவர், அதுதான் பயம். அவர் சொல்லிவிட்டால் தை மாசக் கல்யாணம் நின்றுவிடும். மெஸ்ஸை விட்டு அனுப்பிவிட்டால், பாஷை தெரியாத ஊரில் பையன் எங்கே போய்ச் சாப்பிடுவான், எங்கே படுப்பான்? சேஷு தூணோரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

டிபென்ஸ் அண்ணா எழுந்தார்.

"சாப்பிட்டது வாஸ்தவம். அதை நான் இல்லேன்னு சொல்லப்போறதில்லே. டிபென்ஸ்னா பொய் சொல்றதுன்னு சில பேர் நினைக்கறா, அதுனாலே முன்னாடியே சொல்லிடறேன். இவன் தெரிஞ்சு சாப்பிட்டானாங்கறதுதான் கேள்வி."

"ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிண்டிருக்கானே!"

"அதான் ஓய் நிரபராதிங்கறதுக்கு முதல் சாட்சி. தெரிஞ்சு திருடறவன் ஒரு வாயோட திருப்திப்படுவான். சத்தம் போட்டுக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி கேட்பானோ? கேட்டுட்டு, மறுநாள் உம்ம பக்கத்திலேயே உட்கார்ந்துண்டு அதைப் பத்திக் கச்சேரி பண்ணுவானோ?"

"மூக்கு எங்கே போச்சு? நாத்தம் தெரியாதா?"

"இந்த ஊர்லே காத்து, தண்ணி, டிராம் வண்டி, ஆபீஸ் பைல் எல்லாமே அந்த வாசனைதான். இங்கே கிட்டத்தட்ட ஒரு வருஷம் இருந்த மூக்கைச் சாட்சிக்கூண்டிலே ஏத்த முடியாது. ஹரன் பாபு கண்ணே தப்பு பண்ணித்து. இவன் மூக்கு தப்பு பண்ணப்படாதா?" காரியதரிசி பக்கம் திரும்பினார். "இன்னொண்ணு. இன்னிக்கு மத்தியானம் இவனோட ஒரே பந்தியிலே நாம எல்லாரும் சாப்பிட்டாச்சு. இவனுக்குத் தீட்டுன்னா நமக்கும் தீட்டு. தீட்டுப்பட்டவா தீர்ப்புச் சொல்லலாமோ?"

"நான் பாதியிலேயே எழுந்துட்டேன்!" என்றார் காரியதரிசி.

"அப்போ உமக்குப் பாதித் தீட்டு. பாதித் தீர்ப்புச் சொல்லும்."

சேஷுவைத் தவிர எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் காரியதரிசி மசியவில்லை. சாமா மாமா போய்விடுவார் என்பதையே பிடித்துக்கொண்டு நின்றார். அது நியாயமான பயம். கல்கத்தாவில் வேலை கிடைக்கும், வீடு கிடைக்கும், நம்மூர்ச் சமையல்காரர் கிடைக்க மாட்டார். சாமா மாமாவோ ஆசாரத்தில் நெருப்பு. எங்கள் நிழல் அடுப்பில் விழுந்தாலே சண்டைக்கு வருவார்.

"அவர் பேரைச் சொல்லி இத்தனை நேரமா விசாரணை நடக்கறது. அவரை யாராவது கேட்டேளா?" என்று சொல்லி, டிபென்ஸ் அண்ணா உள்ளே குரல் கொடுத்தார்.

சாமா மாமா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார். எல்லாவற்றையும் சமையலறையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நேராகச் சேஷுவின் முன்னால் போய் நின்றார்.

"நன்னா இருந்துதாடா?"

சேஷு திருதிருவென்று விழித்தான். பொய் சொல்லத் தெரியாத பிறவி. "நன்னாத்தான் இருந்துது மாமா" என்றான், அழாக்குறையாக.

"என் பருப்பை ஒரு நாளாவது ரெண்டாந்தரம் கேட்டிருக்கியோ?"

"இல்லே மாமா."

"அப்போ தப்பு என் பேர்லேதான்!" என்று சொல்லிவிட்டுக் காரியதரிசியிடம் திரும்பினார். "நான் எங்கேயும் போகப் போறதில்லே. தெரியாமச் சாப்பிட்டதுக்குப் பஞ்சகவ்யம் இருக்கு, பூணூல் மாத்திக்கறது இருக்கு. நாளைக்குக் காலமே பண்ணி வெச்சுட்டு நானே இலை போடறேன். தெரிஞ்சு சாப்பிட்டவனுக்குத்தான் என்கிட்டே பரிகாரம் கிடையாது. அவன் பந்திக்கு நான் பரிமாற மாட்டேன். இவ்வளவுதான்."

கேஸ் முடிந்தது. பரிகாரம் ஆன பிறகு ஊரில் போய்ச் சொல்ல ஒன்றும் இல்லை என்று காரியதரிசியும் ஒத்துக்கொண்டார். சேஷு எழுந்து வந்து டிபென்ஸ் அண்ணாவின் காலில் விழப் போனான். அவர் கூச்சத்தோடு நகர்ந்துகொண்டார்.

காரியதரிசிக்குத் தோற்றது உறைத்திருக்க வேண்டும். அவர் கேட்டதைத் தமாஷாகக் கேட்டாரா, கோபத்தில் கேட்டாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.

"பேஷ் ஓய்! ஊருக்கெல்லாம் டிபென்ஸ் சொல்றீரே, எங்க எல்லாருக்கும் முந்தி இந்த ஊருக்கு வந்தவர் நீர். உம்ம வாய் சுத்தம்தானே?"

நாங்கள் உட்கார்ந்தபடியே முன்னால் நகர்ந்தோம். இனி ஒரு மணி நேரத்துக்குக் கச்சேரி உண்டு என்று எங்களுக்கு ஆனந்தம்.

டிபென்ஸ் அண்ணா உட்கார்ந்து, தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இல்லே. சாப்பிட்டிருக்கேன். தெரிஞ்சேதான்."

அவர் சாதாரணமாகப் பேசினார். இந்த மெஸ் ஏற்படுவதற்கு முன்னால், எதிர்ச் சந்தில் ஓர் அறையில் வேறு இரண்டு பேரோடு இருந்தாராம். பிளேக் பயம் ஊரை ஆட்டிக்கொண்டிருந்த வருஷம். அவருக்குக் கடும் ஜுரம் கண்டது. கூட இருந்தவர்கள் பிளேக் என்று பயந்து ஓடிவிட்டார்கள். அந்த வீட்டுக்காரி ஒரு வங்காளி விதவை. இப்போதும் அந்தச் சந்திலேயே இருக்கிற, நாங்கள் எல்லோரும் மாசிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடுகிற அம்மாள்தான். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜுரம் விட்ட பிறகும் எழுந்திருக்கத் திராணி இல்லை. வங்காளிகள் நோயாளிக்குக் கொடுக்கிற சிங்கி மீன் போட்ட தண்ணிக் குழம்பு கொடுத்தால்தான் பிழைப்பான் என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போனாராம்.

"விதவை ஓய் அவள். அவா வழக்கப்படி மீனைத் தொடவே கூடாது. தொட்டா ஸ்நானம் பண்ணணும். எனக்காக அதை நறுக்கி, காய்ச்சி, ஊட்டிட்டு, மார்கழிக் குளிரிலே தினம் குளத்திலே போய் முழுகிட்டு வந்தா. உடம்பு வெடவெடன்னு நடுங்கும். நான் பார்த்துண்டே படுத்திருந்தேன்."

சேஷு துள்ளி எழுந்தான். அவன் எங்கள் கோர்ட்டில் தானாக எழுந்து பேசியதே அன்றுதான் முதல் தடவை.

"அண்ணா, உங்களுக்கு அப்போ ஜுரம்! நினைவே இருந்திருக்காது. அதைச் சொல்லுங்கோ, போதும்!"

நல்ல பாயிண்ட். எங்கள் எல்லோருக்கும் அது தோன்றியது. காரியதரிசியே, "ஆமாம், அப்படின்னா வேறே விஷயம்" என்று அவசரமாகத் தலையாட்டினார். அவருக்கும் இந்தக் கேஸில் ஜெயிக்க இஷ்டமில்லை என்று நன்றாகத் தெரிந்தது.

"உட்காருடா குழந்தே" என்றார் டிபென்ஸ் அண்ணா. "நினைவு நன்னா இருந்தது. என்ன கொடுக்கறான்னு தெரியும். தெரிஞ்சு வாயைத் திறந்தேன். டிபென்ஸ்னு ஒண்ணு சொன்னா, அதுக்கு முன்னாடி அங்கே ஒரு குத்தம் நடந்துதுன்னு ஒத்துக்கணும். அவள் எனக்குப் பண்ணினதைக் குத்தம்னு ஒத்துக்க எனக்கு வாய் வரலை. அதுக்கு டிபென்ஸ் கிடையாது. வேண்டாம்."

சாமா மாமா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். சற்று முன்பு தாமே சொன்ன விதி அவரைத் திருப்பி அடித்துவிட்டது. "என்னாலே முடியாது அண்ணா, பரிமாற முடியாது" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதார். "சரியாச் சொன்னேள், அது உங்க தர்மம்" என்று டிபென்ஸ் அண்ணாவே அவரைத் தேற்றினார்.

அன்று சாயங்காலமே பெட்டியை எடுத்துக்கொண்டு எதிர்ச் சந்துக்கு, மாசிமா வீட்டுக்குப் போய்விட்டார். சேஷுவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். காரியதரிசி வாசல் வரை வந்தார். டிபென்ஸ் அண்ணாவின் படுக்கைச் சுருட்டைத் தாமே தோளில் போட்டுக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கோர்ட் உருப்படவில்லை. காரியதரிசி ஒரு குற்றத்தைச் சொல்வார். எல்லோரும் டிபென்ஸ் அண்ணா உட்காருகிற இடத்தைத் திரும்பிப் பார்ப்போம். எழுந்து நிற்க ஆளில்லை. எதிர்த்துப் பேச ஆள் இல்லாத இடத்தில் குற்றம் சொல்கிறவனுக்கே அலுத்துவிடுகிறது. இரண்டு மூன்று வாரம் பார்த்துவிட்டு அவரே வழக்கத்தை விட்டுவிட்டார். கிறிஸ்துமஸ் லீவில் ஊருக்குப் போய், பெண் வீட்டில் சேஷுவைப் பற்றி ஒரு மூட்டை நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வந்தார். சாமா மாமா மட்டும் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு சொம்பில் ரசம் எடுத்துக்கொண்டு எதிர்ச் சந்துக்குப் போவார். திண்ணையும் இல்லாத அந்த வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு, யாரையும் கூப்பிடாமல் திரும்பிவிடுவார். பந்தியில் பரிமாறுவதில்லை என்ற அவர் பிடிவாதத்துக்கு அதில் ஒன்றும் பங்கமில்லை.

தையில் கல்யாணம் ஆயிற்று. பெண் புக்ககம் வர இரண்டு வருஷம் பிடித்தது. லீவு முடிந்து நானும் அவர்களோடு திரும்பினேன்; மதராஸ் மெயில் ஹௌராவுக்கு முந்தின சாந்த்ராகாச்சியைத் தாண்டும்போதே சேஷு என்னிடம் சொல்லிவிட்டான், வண்டியை நேராக எதிர்ச் சந்துக்கு விட வேண்டும் என்று. அவன் குடித்தனம் வைப்பதற்கு வீடு பார்த்துப் பால் காய்ச்சி வைத்திருந்தோம். அங்கே பிறகு போகலாம் என்றான்.

மாசிமா சங்கு ஊதி, நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டு, அந்தப் பெண்ணின் முகவாயைத் தொட்டு முத்தமிட்டாள். டிபென்ஸ் அண்ணா வாசற்படியில், எந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். அந்தப் பெண் புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு சேஷுவிடம் ரகசியமாகக் கேட்டாள்.

"இவர் நமக்கு என்ன உறவு?"

சேஷு என் முகத்தைப் பார்த்தான். "முதல்லே நமஸ்காரம் பண்ணும்மா, அப்புறம் சொல்றேன்" என்று நான்தான் சொன்னேன். இரண்டு பேருமாக விழுந்து நமஸ்காரம் செய்தார்கள். அப்புறம் அந்தப் பெண்ணுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கும் வார்த்தை அகப்படவில்லை.

டிபென்ஸ் அண்ணா போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. எனக்கும் தலை நரைத்துவிட்டது. இப்போதும் யாராவது என்னைப் பார்த்து ஏதாவது குறை சொன்னால், உடனே பதில் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. முதலில் அண்ணா எழுந்து நிற்கட்டும் என்று, கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறேன்.